பெண்கள் பக்கம் திரும்பி உட்கார்ந்தவன்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு உங்கள் வாசகர் கடிதப் பகுதியில் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் எழுதியிருந்ததை வாசித்தேன். கொரிய, சீனக் காதல் தொடர்கள் நம் வீட்டுப் பெண் பிள்ளைகளைக் கெடுக்கின்றன, உதட்டுச் சாயம் பூசிய ஆண்களைப் பார்த்து மயங்குகிறார்கள், நாளைக்குக் கட்டிக்கொள்ளப் போகிறவனிடம் இல்லாததையெல்லாம் எதிர்பார்த்து நிம்மதியைத் தொலைப்பார்கள் என்பது அவருடைய கவலை. ஐயா மீது எனக்கு மரியாதை உண்டு. பிள்ளைகள் மீதுள்ள அக்கறையில்தான் எழுதியிருக்கிறார். ஆனால் அந்தத் தொடர்களில் பெண்கள் எதைப் பார்க்கிறோம் என்பதை ஒரு பெண்ணே சொன்னால் நன்றாக இருக்கும் என்று தோன்றியது. தையல் மிஷினை நிறுத்திவிட்டு இதை எழுதுகிறேன்.

எனக்கு 46 வயது. பிறந்த ஊர் பாம்பன், வாக்கப்பட்டது மண்டபம். வீட்டு முன்திண்ணையில்தான் கடை. கணவர் கடலுக்குப் போகிறவர். ஒரே மகள், மதுரையில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். என் அம்மாவுக்கு 71. முழங்கால் முடியாமல் போன பிறகு எங்களோடுதான் இருக்கிறார். முப்பது வருடத்துக்கு மேல் கடலில் முங்கிப் பாசி எடுத்தவர். அவரைப் பற்றிப் பிறகு சொல்கிறேன், ஏனென்றால் இந்தக் கடிதமே அவருக்காகத்தான்.

கொரியத் தொடர் எங்கள் வீட்டுக்குள் வந்தது 2014 வாக்கில். புதுயுகம் தொலைக்காட்சியில் 'பாய்ஸ் ஓவர் ஃப்ளவர்ஸ்' தமிழ்க் குரலில் ஓடிக்கொண்டிருந்தது. மகள் அப்போது மூன்றாம் வகுப்பு. தெருவில் பிளஸ் டூ படித்த பெண்கள் எல்லாம் அதில் நடித்த லீ மின்-ஹோ படத்தை நோட்டு அட்டைக்குள் ஒட்டி வைத்திருந்தார்கள். அது என்ன என்று நானும் உட்கார்ந்து பார்த்தேன். சலவைக் கடைக்காரர் மகள் ஒருத்தி பெரும் பணக்காரப் பிள்ளைகள் படிக்கிற பள்ளிக்கூடத்துக்குப் போகிறாள். அங்கே நாலு பையன்கள் வைத்ததுதான் சட்டம். அவர்கள் யார் பெட்டியில் சிவப்பு அட்டையை மாட்டுகிறார்களோ அந்தப் பிள்ளையைப் பள்ளிக்கூடமே சேர்ந்து வதைக்கும். இந்தப் பெண்ணையும் வதைக்கிறார்கள். அப்புறம் அந்த நாலு பேரில் தலைவனே அவளைக் காதலிக்கிறான், அவளும் அவனைக் காதலிக்கிறாள்.

எனக்கு அன்றைக்கே அது பிடிக்கவில்லை. முட்டை அடித்து, மாவைக் கொட்டி அழ வைத்தவன் பணக்காரனாகவும் அழகனாகவும் இருந்தால் அதெல்லாம் மறந்துபோகலாம் என்று சொல்கிற கதையாகத்தான் பட்டது. யோகோ காமியோ என்ற ஜப்பானியப் பெண்மணி வரைந்த படக்கதை அது. தைவானில் 2001-இல், ஜப்பானில் 2005-இல், கொரியாவில் 2009-இல், சீனாவில் 2018-இல், தாய்லாந்தில் 2021-இல் என்று மாற்றி மாற்றித் தொடராக எடுத்திருக்கிறார்கள். இருபது வருடம் ஐந்து நாட்டுப் பெண் பிள்ளைகள் இதைப் பார்த்து வளர்ந்திருக்கிறார்கள் என்பதை நினைத்தால் எனக்கும் வருத்தமாகத்தான் இருக்கிறது. பழைய கொரியத் தொடர்களில் கதாநாயகன் அவள் மணிக்கட்டைப் பிடித்துத் தரதரவென்று இழுத்துக்கொண்டு போவான், அதற்குப் பின்னால் இனிமையான பாட்டு ஓடும். தாய்லாந்துத் தொடர்களில் இதைவிட மோசமாக, அவள் அறைவாள், அவன் பலவந்தமாக முத்தமிடுவான், அது காதலின் ஆரம்பம் என்று வைத்திருந்தார்கள். தலைமையாசிரியர் ஐயா இவற்றைச் சொன்னால் நான் அவர் பக்கம்தான் நிற்பேன். வெள்ளைத் தோல் விஷயத்திலும் அப்படியே. என் மகள் என்னைப் போல மாநிறம்கூட இல்லை, நல்ல கறுப்பு, அழகி. அவள் விடுதிச் செலவுப் பணத்தில் பாதியை முகக் களிம்புக்குக் கொடுத்துவிட்டு வந்த மாதம் நான் அழுதிருக்கிறேன்.

ஆனால் எல்லாத் தொடரையும் ஒரே சாக்கில் போட்டுக் கட்டக்கூடாது.

'கிராஷ் லேண்டிங் ஆன் யூ' 2019 கடைசியில் தொடங்கி 2020 பிப்ரவரியில் முடிந்தது. அந்த வருடம் ஊரடங்கில் வீட்டில் அடைந்து கிடந்தபோது மகளோடு உட்கார்ந்து பார்த்தேன். தென்கொரியப் பணக்காரப் பெண் ஒருத்தி பாராகிளைடரில் பறந்து சூறாவளியில் சிக்கி வடகொரியா பக்கம் விழுந்துவிடுகிறாள். அங்குள்ள ராணுவ அதிகாரி அவளை மறைத்து வைக்கிறான். நடக்கிற கதையா இது என்று ஐயா கேட்பார். நடக்காததுதான். ஆனால் அதில் எங்கள் தெருப் பெண்கள் திரும்பத் திரும்பப் பேசியது அதைப் பற்றி அல்ல. அவள் வாசனை மெழுகுவர்த்தி வேண்டும் என்கிறாள். அவனுக்கு அப்படி ஒன்று உண்டு என்றே தெரியாது, சாதாரண மெழுகுவர்த்தியை வாங்கி வருகிறான். பிறகு ஒருநாள் சந்தைக் கூட்டத்தில் இருட்டிவிட, அவள் வழி தெரியாமல் நிற்கும்போது, அவன் மெழுகுவர்த்தியை ஏற்றித் தலைக்குமேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். இந்தத் தடவை வாசனை உள்ளது. முதலில் தப்பாக வாங்கி, அதை மனதில் வைத்திருந்து, மறுபடி சரியாக வாங்கிய ஒருவன். அதைத்தான் நாங்கள் பேசினோம்.

'ரிப்ளை 1988' இன்னும் நெருக்கமானது. சோல் நகரத்தில் சாங்முன்-தோங் என்கிற பகுதி, ஒரு சந்து, ஐந்து குடும்பம். சாப்பாட்டு நேரம் வந்தால் பிள்ளைகள் கையில் கிண்ணத்தைக் கொடுத்துப் பக்கத்து வீட்டுக்கு அனுப்புவார்கள், அங்கிருந்து வேறொரு கிண்ணம் திரும்பி வரும். பாம்பனில் எங்கள் வளவில் மீன்குழம்பு இப்படித்தான் போய் வந்தது. அதில் நடுப்பெண்ணுக்குத் தனியாகப் பிறந்தநாள் கிடையாது. அக்காவுக்கு வாங்கிய கேக்கிலேயே மெழுகுவர்த்தியைக் குறைத்து அவளுக்கும் பாடிவிடுவார்கள். ஒருநாள் அவள் வெடித்து அழுகிறாள். அன்று இரவு அப்பா தனியாக ஒரு கேக்கோடு வந்து சந்தில் உட்கார்ந்து, அப்பாவும் பிறக்கும்போதே அப்பாவாகப் பிறக்கவில்லை, எனக்கும் இதுதான் முதல் தடவை, தெரியாமல் செய்துவிட்டேன் என்கிறார். ஒரு தகப்பன் மகளிடம் மன்னிப்புக் கேட்டதை நான் அதுவரை திரையிலும் பார்த்ததில்லை, வீட்டிலும் பார்த்ததில்லை. கொரிய மொழியிலும் அப்பாவுக்கு 'அப்பா' என்றுதான் சொல். அந்த இடத்தில் அவள் 'அப்பா' என்றபோது கீழே எழுத்தே தேவைப்படவில்லை.

சரி, இப்போது அம்மாவின் கதைக்கு வருகிறேன்.

2025 மார்ச்சில் 'வென் லைஃப் கிவ்ஸ் யூ டேஞ்சரின்ஸ்' என்று ஒரு தொடர் வந்தது. தென்கொரியாவின் ஜேஜு தீவில் நடக்கிற கதை. மொத்தம் 16 பாகம். வாரத்துக்கு நாலாக நாலு வாரம், வசந்தம், கோடை, இலையுதிர், குளிர் என்று நாலு காலமாகப் பிரித்து வெளியிட்டார்கள். மகள் விடுமுறைக்கு வந்தபோது தன் போனைத் தொலைக்காட்சியில் இணைத்து ஓடவிட்டாள். முதல் பாகத்திலேயே பெண்கள் கூட்டமாகக் கடலில் இறங்குகிறார்கள். மூச்சுக் கருவி எதுவும் கிடையாது, மூச்சைப் பிடித்துக்கொண்டு முங்கிச் சிப்பியும் அபலோன் என்கிற கடல் நத்தையும் எடுத்து வருகிறார்கள். ஜேஜுவில் அவர்களுக்கு 'ஹேன்யோ' என்று பெயர், கடல் பெண் என்று பொருள். 10 மீட்டர் ஆழம் வரை போவார்கள், ஒரு நிமிடம்போல மூச்சடக்குவார்கள், எழுபது, எண்பது வயதிலும் இறங்குகிறவர்கள் உண்டு. 2016-இல் யுனெஸ்கோ அவர்கள் பண்பாட்டை மனிதகுலத்தின் தொட்டுணர முடியாத பண்பாட்டு மரபுகளின் பட்டியலில் சேர்த்தது.

மேலே வந்ததும் உதட்டைக் குவித்து அவர்கள் ஒரு மூச்சு விடுவார்கள், விசில் மாதிரிச் சத்தம் வரும். அதற்கே அவர்கள் மொழியில் 'சும்பிசோரி' என்று தனிப் பெயர் இருக்கிறது. அம்மாவுக்குக் காது சரியாகக் கேட்காது, அத்தனை வருடம் முங்கியதில் போனது. ஓரமாகக் கட்டிலில் படுத்திருந்தவர் அந்த உதட்டைப் பார்த்தே எழுந்து உட்கார்ந்துவிட்டார். "ஆத்தீ, இவளுகளும் முங்குறவளுகளா? மேல வந்தா நாங்களும் இப்படித்தானடி ஊதுவோம்" என்றார்.

உங்கள் வாசகர்களில் பலருக்குத் தெரிந்திருக்காது. பாம்பன், மண்டபம், ஏர்வாடி, தங்கச்சிமடம் பக்கத்துப் பெண்கள் தலைமுறை தலைமுறையாகக் கடலில் முங்கிப் பாசி எடுக்கிறவர்கள். மரிக்கொழுந்துப் பாசி, கஞ்சிப் பாசி, கட்டக்கோரை என்று வகை உண்டு. அகர் அகர் செய்யவும் இன்னும் பலவற்றுக்கும் போகும். சேலைக்கு மேலே ஆண்கள் சட்டையைப் போட்டுக்கொண்டு, விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு, கண்ணாடி மாட்டி, இடுப்பில் பையைக் கட்டி இறங்குவார்கள். பாறை கிழிக்கும். அம்மாவின் விரல் நுனிகளில் இன்றைக்கும் ரேகை கிடையாது. ரேஷன் கடையில் கைவிரல் வைக்கச் சொன்னால் மிஷின் எடுக்காது.

அம்மா அன்றிலிருந்து ஒரு பாகம் விடவில்லை. மகள் பாட்டியின் காதருகே உட்கார்ந்து ஒவ்வொரு வசனத்தையும் உரக்கத் தமிழில் சொன்னாள். கதாநாயகி ஏசூன், கவிதை எழுத ஆசைப்படுகிற ஏழைப் பெண். அவளுடைய தாய் கடலில் முங்கியே மூச்சு நோய் வந்து 29 வயதில் போய்விடுகிறாள். நீ மட்டும் இந்தக் கடலில் இறங்காதே என்று மகளிடம் சொல்லிவிட்டுப் போகிறாள். அந்த இடத்தில் அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் பத்தாவது முடித்த வருடம் பாசிக்கு வருகிறேன் என்று நின்றபோது, கையில் இருந்த பையைப் பிடுங்கி வீசிவிட்டு, என்னைத் தையல் பழகக் கொண்டுபோய் விட்டவர் அவர்தான்.

ஏசூனைச் சின்ன வயதிலிருந்தே விரும்புகிறவன் க்வான்சிக். அதிகம் பேசமாட்டான். அவள் சந்தையில் முட்டைக்கோஸ் கடை போட்டால் இவன்தான் கூவி விற்பான், அவள் பக்கத்தில் உட்கார்ந்து புத்தகம் வாசிப்பாள். கல்யாணத்துக்குப் பிறகு அவன் வீட்டில் சாப்பிட உட்காருகிறார்கள். பெரிய மேசை ஒரு பக்கம், அங்கே அவனுக்கு இடம். மருமகளும் சின்னப் பெண் குழந்தையும் அவன் முதுகுக்குப் பின்னால் ஓரத்தில். நல்ல பண்டமெல்லாம் மேசைக்குப் போகிறது. க்வான்சிக் சண்டை போடவில்லை, ஒரு வார்த்தை பேசவில்லை. உட்கார்ந்த இடத்திலேயே அப்படியே திரும்பி, பெரிய மேசைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, மனைவியும் மகளும் இருக்கிற பக்கம் உட்கார்ந்து சாப்பிடுகிறான்.

இதுதான் காட்சி. ஒரு நிமிடம்கூட இருக்காது. அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்.

எங்கள் வீட்டில் என் ஐயா, அதாவது அப்பா, முதலில் சாப்பிடுவார், அப்புறம் அண்ணன்கள், அப்புறம் நான். அம்மா விடியற்காலை போய், அஞ்சாறு மணி நேரம் உப்புத் தண்ணீரில் கிடந்து, பாசியைக் கரையில் காயப்போட்டுவிட்டு வந்து சமைப்பார். குடும்பத்தில் பாதி வருமானம் அவருடையது. கடைசியில் அடுப்படியில் நின்றுகொண்டே சட்டியில் ஒட்டியதைத் தண்ணீர் ஊற்றிக் குடிப்பார். மீனில் தலை மட்டும் அவருக்கு. தலைதான் ருசி என்பார், நானும் அதை நம்பினேன். யாரும் அவரைக் கொடுமைப்படுத்தவில்லை, என் ஐயா நல்லவர். திரும்பி உட்கார வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

தலைமையாசிரியர் ஐயாவிடம் நான் கேட்க நினைப்பது இதுதான். பெண்கள் நடக்காததை எதிர்பார்க்கிறார்கள் என்கிறீர்கள். திரும்பி உட்காருவது நடக்காததா? அதற்குப் பணம் வேண்டாம், வெள்ளைத் தோல் வேண்டாம். மெழுகுவர்த்தி மாற்றி வாங்குவதும், மகளிடம் மன்னிப்புக் கேட்பதும் அப்படித்தான். இதை எதிர்பார்க்கிற அளவுக்கு என் மகள் வளர்ந்திருக்கிறாள் என்றால் எனக்குச் சந்தோஷம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இந்தத் தொடர்கள் எனக்கு என் கணவர் மீது குறையை வளர்க்கவில்லை. கல்யாணமான புதிதில் எங்கள் தெருவில் நல்ல தண்ணீருக்கு விடியுமுன் போய் நிற்க வேண்டும். நான் பிள்ளை உண்டாகியிருந்தபோது, கடலுக்குக் கிளம்புமுன் இரண்டு மணிக்கே எழுந்து நாலு குடத்தையும் நிரப்பி வைத்துவிட்டுப் போவார். சொல்லவும் மாட்டார். பதினெட்டு வருடம் கழித்து, க்வான்சிக்கைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் அந்தக் குடங்கள் ஞாபகத்துக்கு வந்தன. கரைக்கு வந்த அன்று அவரிடம் சொன்னேன். "அதுக்கு என்ன இப்ப?" என்றார். ஆனாலும் சொல்லிவிட்டேன்.

அந்தத் தொடரில் ஏசூனின் குட்டி மகள் மூன்று சக்கர வண்டி ஓட்டக்கூடாது என்று பாட்டிமார் தடுக்கிற இடமும் உண்டு. என் மகள் மேசை எடுத்து வைக்கிறவளாக இருக்க வேண்டாம், மேசையைக் கவிழ்க்கிறவளாக இருக்கட்டும் என்று ஏசூன் சொல்கிறாள். மகள் இதைத் தமிழில் சொன்னதும் அம்மா கை தட்டினார். எழுதியவர் லிம் சாங்-சூன் என்று மகள் பார்த்துச் சொன்னாள். அவருக்கு என் நன்றி.

தொடர்கள் பதினாறிலோ இருபதிலோ முடிந்துவிடுவதும் ஒரு பெரிய நிம்மதி. தைக்கிற வேலைக்கு நடுவில் ஐந்து வருடம் ஒரே மாமியாரைப் பார்த்துக்கொண்டிருக்க என்னால் முடியவில்லை.

இனி என் கோரிக்கை. இந்தத் தொடர்களைத் தமிழ்நாட்டில் இத்தனை பேர் பார்க்கிறோம். சிலவற்றுக்குத் தமிழ்க் குரல் கொடுக்கிறார்கள், அதற்கு நன்றி. ஆனால் நான் பார்த்த ஒன்றில் எண்பது வயதுப் பாட்டியும் எட்டு வயதுப் பேரனும் ஒரே மாதிரி ஏட்டுத் தமிழ் பேசினார்கள். காது கேட்காத என் அம்மாவுக்கோ குரல் இருந்தும் பயன் இல்லை. அவர் ஐந்தாவது வரை படித்தவர், தமிழ் எழுத்து நன்றாக வாசிப்பார். கீழே தமிழில் எழுத்து ஓடினால் போதும். நாங்கள் பார்த்த தொடர்கள் எதிலும் அது கிடைக்கவில்லை, ஆங்கில எழுத்துத்தான்.

ஆங்கிலத்தில் போனால் இந்தக் கதைகளில் பாதி போய்விடுகிறது என்பது என் எண்ணம். கொரிய மொழியில் நம்மைப் போலவே மரியாதைப் பேச்சு வேறு, உரிமைப் பேச்சு வேறு. காதல் தொடர்களில் ஒரு கட்டம் வரும், "இனிமே மரியாதைப் பேச்சை விட்டுடலாமா?" என்று ஒருவர் கேட்பார், மற்றவர் வெட்கப்படுவார். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல், அதனால் அவர்கள் ஏன் வெட்கப்படுகிறார்கள் என்று எனக்கு வெகுநாள் புரியவில்லை. தமிழில் 'நீங்க' என்பது 'நீ' ஆகிவிட்டது என்று எழுதினால் ஒரு குழந்தைக்கும் புரியும். யாரைப் பார்த்தாலும் அவர்கள் முதலில் கேட்பது "சாப்பிட்டியா?" என்றுதான். அதைச் சொல்ல நம்மைவிடத் தோதான மொழி எது? ஜேஜு தொடருக்குக் கொரியாவில் வைத்த பெயரிலும் பழம் கிடையாது. ஜேஜு வட்டார வழக்கில் 'போக்சாக் சோகாட்சுதா', அதாவது "ரொம்பப் பாடுபட்டுட்டீங்க" என்று பொருள். பாம்பன் பேச்சில் அதை எங்கள் அம்மாவே மொழிபெயர்த்துவிடுவார்.

ஆள் இல்லை என்று சொல்ல முடியாது. சென்னையில் இன்கோ மையத்தில் கொரிய மொழி சொல்லிக்கொடுக்கிறார்கள். ஸ்ரீபெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டைப் பக்கம் கொரிய நிறுவனங்கள் வந்து கால் நூற்றாண்டுக்கு மேல் ஆகிறது, அந்த மொழியும் நம் மொழியும் தெரிந்த பிள்ளைகள் அங்கே வேலை செய்கிறார்கள். அவர்களைக் கொண்டு கொரிய மொழியிலிருந்து நேரே தமிழுக்குக் கொண்டுவர வேண்டும். தொடர்களை வெளியிடுகிறவர்கள் கண்ணில் இந்தக் கடிதம் படும்படி தாங்கள் பிரசுரிக்க வேண்டுகிறேன்.

மகள் விடுமுறை முடிந்து மதுரைக்குப் போய்விட்டாள். அம்மா இதுவரை பன்னிரண்டு பாகம் பார்த்திருக்கிறார். குளிர்காலம் நாலும் பாக்கி. என்னோடு உட்கார்ந்தால் நான் ஒவ்வொரு வரியாக எழுத்துக்கூட்டி முடிப்பதற்குள் அடுத்த வரி வந்துவிடுகிறது, அவருக்குப் பொறுமை போய்விடுகிறது. "ஏசூனும் அவனும் நல்லா இருக்காகளா?" என்று காலையில் காபி கொடுக்கும்போது கேட்கிறார். நானும் மகளும் கடைசிவரை பார்த்துவிட்டோம். என்ன நடந்தது என்று இங்கே எழுதவில்லை, ஏனென்றால் அம்மா உங்கள் நாளிதழைத் தினமும் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை வாசிக்கிறவர்.

இப்படிக்கு,
தங்கள் வாசகி,
மண்டபம், ராமநாதபுரம் மாவட்டம்.